ஏரிக்கும் மலைக்கும் ஒரே டெலி லென்ஸ்: இரண்டு இலட்சத்திற்குள் எதை வாங்கலாம்?

மோர்தானா

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் வசிக்கிறேன். நிக்கான் டி5600 கேமராவையும் அதற்கென வாங்கிய ஏஎஃப்-பி 70-300 லென்ஸையும் வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளாகப் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். வேலை காரணமாக ஞாயிற்றுக்கிழமை காலை மட்டுமே எனக்கு வாய்க்கிறது. ஒரு வாரம் மோர்தானா அணை, மறுவாரம் காவேரிப்பாக்கம் ஏரி, மழை ஓய்ந்த மாதங்களில் அமிர்தியும் ஜவ்வாது மலைச் சாலைகளும் என்று இருசக்கர வாகனத்தில் சுற்றுகிறேன்.

300 மி.மீ. போதவில்லை என்பது எனக்கு நெடுநாளாகத் தெரியும். ஆனால் சென்ற மாதம் நடந்ததைத்தான் மனம் ஆறாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏரியின் மதகுக் கல்லில் ஒரு சிரல் (சிறிய மீன்கொத்தி), பிடித்த மீனின் வாலைக் கவ்விக்கொண்டு, அது துடிப்பை நிறுத்தும்வரை இடமும் வலமுமாகக் கல்லில் அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் மீனுக்குச் செதிலும் இல்லை, சிரலின் கண்ணில் ஒளிப்புள்ளியும் இல்லை. நீலமும் செம்மையும் குழைந்த ஒரு திட்டுதான் இருந்தது.

இரண்டு இலட்ச ரூபாய் சேர்த்திருக்கிறேன். முதலில் கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா? எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) போகும் காலத்தில் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸில் பணத்தைப் போடுவது சரியா? 600 மி.மீ. கட்டாயம் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காட்பாடி ரயிலடி

நண்பரே, தயங்காமல் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிடுங்கள். நான் கேனன் ஆர்7 வைத்திருக்கிறேன். 2022இல் வந்த இந்த கேமராவில் 32.5 மெகாபிக்சல் கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) இருக்கிறது. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படங்கள் எடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பற்றிக்கொள்கிறது. முன்பு பஞ்சுருட்டான் கம்பியிலிருந்து கிளம்பும் நொடிக்காகக் காத்திருந்து, பத்தில் எட்டுப் படங்களைத் தவறவிட்டவன் நான். இப்போது படத்தின் அமைப்பை மட்டும் கவனித்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறேன்.

இதற்கு ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 லென்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் எடை 635 கிராம்தான். இருசக்கர வாகனத்தில் செல்பவருக்கு இதைவிடத் தோதான இணை கிடைக்காது என்பது என் கருத்து.

பாலாற்று மணல்

மேலே நண்பர் சொன்ன இணை நல்ல இணைதான். ஆனால் முடிவெடுப்பதற்கு முன் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கணக்குகளைப் போடாமல் கடைக்குப் போனதால் நான் ஒருமுறை தேவையற்ற கேமராவை வாங்கி, ஓராண்டில் விற்றேன்.

முதற்கணக்கு, பறவையின்மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பது. சிரலின் நீளம் ஏறத்தாழ 16 செ.மீ. அது 20 மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் அமர்ந்திருந்தால், 300 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரின்மேல் 2.4 மி.மீ. நீளத்திற்கு வரையும். டி5600இல் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.9 மைக்ரான். ஆகவே உங்கள் சிரல் அலகு நுனியிலிருந்து வால்வரை சுமார் 615 பிக்சல். அதே கேமராவில் 500 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் 1,025 பிக்சல் கிடைக்கும். ஆர்7இன் பிக்சல் 3.2 மைக்ரான் என்பதால், அதில் 400 மி.மீ. லென்ஸே 1,000 பிக்சல் தந்துவிடும். இதுவரை நண்பர் சொன்னது சரி. பலரும் ஆசைப்படும் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் பிக்சல் ஏறத்தாழ 6 மைக்ரான். அதில் 500 மி.மீ. போட்டாலும் 670 பிக்சல்தான் வரும். தொலைவிலுள்ள சிறு பறவைக்கு ஃபுல் ஃபிரேம் என்ற பெயர் எதையும் கூட்டித் தராது என்பதை இதிலிருந்து கண்டுகொள்ளலாம். 45 மெகாபிக்சல் உள்ள நிக்கான் இசட்8கூட இந்தக் கணக்கில் 920 பிக்சல்தான் தருகிறது; 2016இல் வந்த 20.9 மெகாபிக்சல் டி500 ஏறத்தாழ 950 தருகிறது.

இரண்டாவது கணக்கைப் பெரும்பாலோர் போடுவதில்லை. பறவையிடமிருந்து எவ்வளவு ஒளியை லென்ஸ் வாங்கிக்கொள்கிறது என்பதே அது. குவியத்தூரத்தை, அதாவது லென்ஸின் மி.மீ. அளவை, எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். உங்களிடம் இப்போது இருப்பது 300ஐ 6.3ஆல் வகுக்க 48 மி.மீ. ஆர்எஃப் 100-400 லென்ஸில் 400ஐ 8ஆல் வகுத்தால் 50 மி.மீ. ஆகப் பிக்சல் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் அந்தச் சிரலிடமிருந்து வரும் ஒளி நீங்கள் இன்று பெறும் அளவேதான். விடியற்காலையில் 1/2000 நொடியில் எடுக்க முயன்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400ஐத் தாண்டும், இறகின் நுண்வரிகள் புள்ளி இரைச்சலில் கரையும். நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸில் இந்த வாயில் 89 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் இன்றைய ஒளியைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இசட் 180-600 எஃப்/5.6-6.3 லென்ஸில் 95 மி.மீ.; கேனன் ஆர்எஃப் 100-500இல் 70 மி.மீ.; கேனனின் மலிவான 600 எஃப்/11இல் 55 மி.மீ.தான்.

எனவே என் பரிந்துரை, இரண்டு இலட்சத்தில் பெரும்பகுதியை லென்ஸுக்குக் கொடுங்கள் என்பதே. டி5600 தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் முன்னால் இருக்கும் வாயில்தான் சிறியது.

காட்பாடி ரயிலடி

கணக்கை மறுக்கவில்லை, 50 மி.மீ. என்பதை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் மூன்றரை மடங்கு ஒளி வந்தும் குவியம் பறவையின் கண்ணில் விழாமல் வாலில் விழுந்தால் என்ன பயன்? டி5600இல் 39 குவியப் புள்ளிகளும் படத்தின் நடுப்பகுதியில் கூடியிருக்கின்றன. நொடிக்கு 5 படங்கள்தான். RAW வடிவில் எடுத்தால் சில நொடிகளில் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி நின்றுவிடும். பறக்கும் பறவைக்கு இது பெரிய குறை. அமர்ந்த பறவையே போதும் என்றால் உங்கள் வாதம் செல்லும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ஆர்7இல் எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்துக்கொண்டு பறக்கும் பறவையை எடுக்காதீர்கள். சென்சாரை மேலிருந்து கீழாகப் படிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில், அடிக்கும் சிறகு வளைந்து பதிவாகிவிடும்.

இராணிப்பேட்டை ஆசிரியை

தம்பி, நான் 2018இலிருந்து டி500உம் 200-500உம் வைத்திருக்கிறேன். காவேரிப்பாக்கம் ஏரிதான் எனக்கு அருகில். நம் ஊர்க்காரர்கள் லென்ஸைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லவே எழுதுகிறேன். இங்கே காற்றும் லென்ஸின் ஒரு பகுதி.

சென்ற பங்குனியில் ஒரு சோதனை செய்தேன். நீர் வற்றிய சேற்றுத் திட்டில் ஒரு நெடுங்கால் உள்ளான் நின்றிருந்தது. எனக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 60 மீட்டர். காலை 6.30 மணிக்கு எடுத்த படத்தில் அதன் சிவந்த கண்ணும் அலகில் தொங்கிய சேற்றுத் துளியும் தனித்தனியாகத் தெரிந்தன. அதே இடத்தில், அதே முக்காலியில், 9.30 மணிக்கு எடுத்த படத்தில் கால்கள் இரண்டும் நீரில் ஆடும் நிழலைப்போல் நெளிந்திருந்தன. கண் இருந்த இடத்தில் ஒரு கறைதான் இருந்தது. இருபது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டது என்று அஞ்சி, கரையிலிருந்த வேப்பமரத்தில் பத்து மீட்டரில் அமர்ந்த கரிச்சானை எடுத்தேன். அதன் அலகோர முடிகளை எண்ணலாம்போல இருந்தது.

வெயில் ஏறினால் தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், தொலைவிலிருந்து வரும் ஒளி நேர்கோட்டில் வராமல் நடுங்கியபடி வருகிறது. அந்த நடுக்கத்தை விரிவாக்கிக் காட்டுவதுதான் 600 மி.மீ. செய்யும் வேலை. ஒரு கோடி ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் இந்தக் கானல் போகாது. ஏரியில் பத்து மணிக்குமேல் தொலைவுப் படம் எடுக்கவே வேண்டாம். காரில் செல்வதானால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் பொறுத்திருங்கள். உள்ளிருந்து வெளியேறும் குளிர்க்காற்றே படத்தைக் குழப்பும். சூடான பானெட்டின் மேலாகவும் எடுக்க வேண்டாம்.

ஆகவே 500க்கும் 600க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எண்ணி உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 20 மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு வந்தால் பிக்சல் இரண்டு மடங்காகும். எந்த லென்ஸும் அந்த விலையில் அதைத் தராது. மதகுக் கல்லுக்கு அருகே, சூரியனுக்கு முன்பே போய், சாம்பல் நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால், சிரல் தானாகத் தன் கல்லுக்கு வந்துவிடும். கூட்டின் அருகில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

200-500 லென்ஸின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 2.3 கிலோ எடை. டி500உடன் சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டும். ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீள்கிறது. பாலாற்று மணல் பறக்கும் நாளில் அந்தக் குழலைத் துடைக்காமல் உள்ளே இழுக்கக் கூடாது. குவியம் பிடிக்கும் வேகம் நடுத்தரம்தான். வல்லூறு திடீரென்று பாய்ந்தால் எனக்குப் பெரும்பாலும் தவறிவிடுகிறது.

பழைய வடஆர்க்காட்டான்

1989இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது ஃபிலிம் கேமராவுடன் ஏலகிரியில் ஏறிக்கொண்டிருந்தவன் நான். இன்றும் பறவை எடுக்க மலைக்குத்தான் போகிறேன். மலைக்காரனின் பார்வையில் சில சொற்கள்.

ஏரிக்கரையில் மூன்று கிலோ பாரமில்லை. பாறைக் குன்றில் அதே மூன்று கிலோ வேறு பொருளாகிவிடும். நம் பக்கத்துக் குன்றுகள் உருண்டைக் கற்களை அடுக்கி வைத்ததுபோல இருப்பவை. ஒரு கை எப்போதும் பாறையைப் பற்றியே இருக்க வேண்டும். கொம்பன் ஆந்தை பகலில் அமர்ந்திருக்கும் பாறை இடுக்கைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஏறினேன் என்று வையுங்கள். அதைக் கண்டபின் லென்ஸைத் தூக்கி நிறுத்த என் கையில் வலுவிருக்க வேண்டும். நான் 200-500 வைத்திருந்த இரண்டு ஆண்டுகளில், மேலே போனபின் கை நடுங்கிக் கெட்ட படங்களே அதிகம். பிறகு அதை விற்று, நிக்கான் 500 எஃப்/5.6 பிஎஃப் வாங்கினேன். 2018இல் வந்த லென்ஸ், 1,460 கிராம். அதே 500 மி.மீ., அதே 89 மி.மீ. வாயில், ஆனால் எடையில் 840 கிராம் குறைவு. ஃப்ரெனல் வகைக் கண்ணாடியால்தான் இந்தச் சுருக்கம். நேர் எதிரே பலமான விளக்கோ சூரியனோ இருந்தால் வண்ண வளையம்போல் ஓர் ஒளிக்கசிவு வருவதுண்டு. அதைத் தவிர எனக்குக் குறையில்லை. பழையதாக வாங்கினாலும் இது உங்கள் தொகையைப் பெரிதும் விழுங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய லென்ஸ் வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சென்னையில் ஒரு கடையில், வெளியே கீறலே இல்லாத ஒரு டெலி லென்ஸை நம்பி வாங்கினேன். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு எடுத்த படங்களெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளிறின. கைப்பேசி விளக்கைப் பின்பக்கமாக அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தபோதுதான், உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூலைப்போல் பூஞ்சை கிளைத்திருந்தது தெரிந்தது. வாங்கிய அன்றே அது இருந்திருக்க வேண்டும். கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்துவிட்டார். நீங்கள் வாங்கும்போது இந்த விளக்குச் சோதனையை முதலில் செய்யுங்கள். பிறகு விஆரை (கைநடுக்கத்தைக் குறைக்கும் வசதியை) இயக்கி, வ்யூஃபைண்டரில் காட்சி துள்ளாமல் அமைதியாக நிற்கிறதா என்று பாருங்கள். கேமராவும் பழையதானால் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள்; டி500இன் ஷட்டர் 2,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது.

ஒரு சிறு யோசனை. முக்காலியை மலைக்குச் சுமக்காதீர்கள். பழைய ஜீன்ஸ் கால் துணியில் ஒரு பை தைத்துக் காலியாகவே எடுத்துப்போங்கள். ஜமுனாமரத்தூரில் இரண்டு படி சாமை வாங்கி அதில் நிரப்பினால், பாறைமேலோ வண்டி இருக்கைமேலோ லென்ஸ் அசையாமல் படுத்துக்கொள்ளும். திரும்பியபின் சாமையை வீட்டில் சமைத்துவிடலாம். காப்புக்காட்டுக்குள் நுழைவதானால் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என்பதைப் புதியவர்களுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

மோர்தானா

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு எல்லோருக்கும் நன்றி. 500 பிஎஃப்மேல் ஆசை வந்துவிட்டது ஐயா. ஆனால் கேமராவுக்கு ஒன்றும் மிஞ்சாது. 200-500 பழையதாக ஒன்று வேலூரிலேயே கிடைக்கிறது. எனக்குள்ள ஒரே கவலை, நாளை நான் மிரர்லெஸ் வாங்கினால் இந்த லென்ஸ் வீணாகிவிடுமா என்பதுதான். இதில் குவியத்தூரத்தை 1.4 மடங்காக்கும் கன்வர்ட்டர் போட்டுக் கொள்ளலாமா?

பாலாற்று மணல்

வீணாகாது. எஃப்டிஇசட் அடாப்டர் இருந்தால் நிக்கானின் இசட் வரிசை கேமராக்களில் இந்த லென்ஸ் ஆட்டோஃபோகஸுடன் இயங்கும். 2024இல் வந்த இசட்50-2இல் பறவையைக் கண்டறியும் வசதியும் இருக்கிறது. காட்பாடி நண்பர் சொன்ன கண்பிடி வசதியைப் பின்னாளில் அந்த வழியில் அடையலாம்.

கன்வர்ட்டர் வேண்டாம். 1.4 போட்டால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி போய், எஃப்/5.6 எஃப்/8 ஆகிவிடும். உங்கள் கேமராவின் குவியப் புள்ளிகள் எஃப்/5.6 வரைதான் நம்பத்தக்கவை. டி500இல்கூட எஃப்/8இல் நடுவிலுள்ள 15 புள்ளிகளே வேலை செய்யும். ஒளி நுழையும் வாயில் அதே 89 மி.மீ.தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மோர்தானா

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். விளக்குச் சோதனை, விஆர் சோதனை எல்லாம் செய்து 200-500 லென்ஸை வாங்கிவிட்டேன். ஆனால் முதல் இரண்டு ஞாயிறும் ஏமாற்றம். பறவைக்கு முன்னாலுள்ள கோரைப்புல் கூர்மையாக இருக்கிறது, பறவை மங்கலாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு, 15 மீட்டரில் எடுத்தவை. எனவே கானல் காரணமாக இருக்க முடியாது. பழுதான லென்ஸை வாங்கிவிட்டேனோ என்று அஞ்சுகிறேன்.

பாலாற்று மணல்

அஞ்ச வேண்டாம். மொட்டை மாடிச் சுவரில் தையற்காரர் அளவுநாடாவைச் சாய்வாக விரித்து, நடுவிலுள்ள ஓர் எண்ணில் குவியம் வைத்து, முதலில் வ்யூஃபைண்டர் வழியாகவும் பிறகு லைவ் வ்யூ (பின்திரை) வழியாகவும் படமெடுங்கள். லைவ் வ்யூவில் சென்சாரே குவியத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. வ்யூஃபைண்டரில் கண்ணாடிக்குக் கீழேயுள்ள தனி உணரி முடிவு செய்கிறது. லைவ் வ்யூ கூர்மையாக இருந்து மற்றது முன்தள்ளி விழுந்தால், லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அளவு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். டி500இல் ஏஎஃப் ஃபைன் ட்யூன் மூலம் இதை நாமே சரிசெய்துகொள்ளலாம். டி5600இல் அந்த வசதி இல்லை.

இராணிப்பேட்டை ஆசிரியை

தம்பி, வரும் ஞாயிறு காவேரிப்பாக்கத்திற்கு வாருங்கள். என் டி500இல் உங்கள் லென்ஸைப் பொருத்திப் பார்த்துவிடுவோம். ஆறு மணிக்குமுன் கரையில் இருங்கள். அளவுநாடாவை மறக்க வேண்டாம்.

மோர்தானா

நேற்றுச் சென்று வந்தேன். நாடா நடுவில் குவியம் வைத்தால், டி500இலும் அது முன்னாலேயே விழுந்தது. ஃபைன் ட்யூனில் சற்றுச் சற்றாகப் பின்னுக்குத் தள்ளி, +8இல் குறித்த எண்ணின்மேல் சரியாக நின்றது. ஆசிரியை அம்மா தம் கேமராவை என்னிடமே ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, கரையில் அமர்ந்து ஊசிவால் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே மதகுக் கல்தான். 7.10 மணிக்குச் சிரல் வந்தது. 12 மீட்டர் இருக்கும். எஃப்/5.6, 1/1600, ஐஎஸ்ஓ 1600. மீனை இரண்டாம் முறை அடிக்கும்போது தெறித்த நீர்த்துளி ஒன்று அதன் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கண்ணில் கிழக்குக் கரையின் பனைவரிசை தெரிகிறது. செதில்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

டி5600ஐ விற்றுவிட்டு டி500 வாங்க முடிவு செய்துவிட்டேன். 2022இல் உற்பத்தி நின்றுபோன கேமரா என்பதால் பழையதுதான் கிடைக்கும். வேலூர், ஆற்காடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் யாரிடமேனும் 1,00,000க்குக் குறைவான ஷட்டர் எண்ணிக்கையில் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.